உலாவி யாழும் நால்வகைக் குற்றமும்

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகம் படித்தவர்களுக்கு இந்த இடம் நினைவிருக்கும். யாழிசையில் தன்னை வெல்பவனுக்கே மாலை என்று காந்தருவதத்தை காத்திருக்கிறாள். பலரும் வந்து தோற்றுப் போகிறார்கள். பிறகு சீவகன் வருகிறான். அவன் முன் யாழ்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எடுத்தவுடன் மீட்டினானா? இல்லை. ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, இதன் மரத்தில் இன்ன குற்றம், இதன் நரம்பில் இன்ன குற்றம் என்று சொல்லி ஒதுக்குகிறான். குற்றமற்ற யாழ் கைக்கு வந்த பிறகே வாசிக்கிறான். திருத்தக்க தேவர் சமண முனிவர். ஒரு பொருளைப் பல பக்கமும் புரட்டிப் பார்க்கும் மரபில் வந்தவர். இசையை மதிப்பிடுவதற்கு முன் கருவியை மதிப்பிடு என்னும் பாடத்தை அவர் அங்கே வைத்துப் போயிருக்கிறார் என்பது என் துணிபு.

அந்தப் பாடத்தை இக்காலக் கருவி ஒன்றின் மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. பிரவுசர் என்று பிள்ளைகள் சொல்லும் உலாவிக்குள்ளேயே சிந்தசைசரும் சீக்குவென்சரும் சேர்ந்து வருகிற இசைப்பலகைதான் அது. முகவரியைத் தட்டினால் கருவி வந்து நிற்கிறது. எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். பலவற்றுக்குக் காசும் வேண்டாம். ஒலியை உண்டாக்குவது சிந்தசைசர். எந்த ஒலி எப்போது வரவேண்டும் என்று வரிசை கட்டி நிறுத்துவது சீக்குவென்சர்.

நான் இசை பயின்றவன் அல்லன். பாத்திர வியாபாரி. படித்ததெல்லாம் கல்லாவில் ஓய்ந்த நேரத்தில் படித்ததுதான். ஆனால் வெண்கலத்தை விரலால் தட்டிப் பார்த்தே கொள்முதல் செய்து பழகிய காது இது. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

சுருதி தப்பியது யார்?

இதை எழுதவேண்டும் என்று தோன்றியதற்கு எங்கள் வீட்டுச் சம்பவம் ஒன்று காரணம். என் மனைவி வந்தவாசிப் பக்கத்துச் சமண ஊர்க்காரி. ஆதிநாதர் மேல் ஒரு தாலாட்டு அவளுக்குத் தாய்வழியாக வந்தது. அது ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை. கேட்டறிந்தவர்கள் தோடியின் சாயல் என்பார்கள். அகமதாபாத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பேரன் அந்தப் பாட்டில் தூங்கியவன். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் இந்த உலாவி இசையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாட்டி, அந்தப் பாட்டைப் பாடுங்க, நான் இதுல ஏத்திடறேன்" என்று உட்கார்ந்தான். நல்ல காரியம்தானே என்று எனக்கும் மகிழ்ச்சி.

அவன் கையில் இருந்தது மைக்கில் பாடிய சுரத்தைக் கணித்துக் கட்டத்தில் காட்டுகிற வகைக் கருவி. அவள் பாடப் பாட வெளிச்சம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவிக்கொண்டே இருந்தது. "பாட்டி, ஒரே இடத்துல நில்லுங்க!" என்றான். அவளும் மூன்று தடவை, நான்கு தடவை பாடிப் பார்த்தாள். கடைசியில் பையன் என் பக்கம் திரும்பி, "தாத்தா, பாட்டி பேசூரா ஆகறாங்க" என்றான். பேசூரா என்றால் இந்தப் பக்கத்தில் சுருதி தப்பியவர் என்று பொருள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாள், விளக்கேற்றும்போது வழக்கமாக முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டாள். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பாட்டும் பண்ணும் போய்ச் சேரும் வழி வீட்டுக் குரல் ஒன்றுதான். அந்தக் குரலுக்கே ஒரு பலகை தப்பு மதிப்பெண் போட்டால், அடுத்த தலைமுறை எதை நம்பும்? தப்பியது பாட்டியின் சுருதியா, பலகையின் கட்டமா? இந்தக் கேள்வியோடுதான் நானும் பேரனும் இரண்டு மாதம் அந்தப் பலகைகளின் முன் உட்கார்ந்தோம்.

இக்கருவி வந்த வழி

மின்னோசைக் கருவி நம் ஊருக்குப் புதிதல்ல. சாபர்மதிக் கரையில் பால்டியில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ஆம் ஆண்டே ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அதை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர். இதற்குப் பின்னணியில் இருந்தவர் இந்நகரத்துக் கீதா சாராபாய் அம்மையார். 1946-இல் நியூயார்க் சென்று ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலையிசையைக் கற்றுக்கொண்டவர் இவர். 1969 முதல் 1972 வரை அங்கே பதிவான ஒலிநாடாக்கள் நெடுங்காலம் யாரும் கேளாமல் கிடந்து, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. நான் கடை போட்ட நகரத்தில், நடந்து போகும் தூரத்தில் இது நடந்திருக்கிறது என்பது எனக்கே பிந்தித்தான் தெரியும்.

அந்த மூக் அலமாரி அளவு இருந்த பொருள். நம்மைப் போன்றவர்கள் தொட்டுப் பார்க்கவும் முடியாது. இராபர்ட் மூக் அவர்களின் பிறந்தநாளான மே 23 அன்று, 2012-இல், கூகுள் தன் முகப்பிலேயே வாசிக்கக்கூடிய சிறு சிந்தசைசர் ஒன்றை வைத்தது. நான்கு தடத்தில் பதிவு செய்து கொள்ளவும் வசதி இருந்தது. உலாவிக்குள் யாழ் புகுந்ததை உலகம் பரவலாகக் கண்ட நாள் அது. அதே 2012-இல் ஜான் நெஸ்கி என்பவர் பீப்பாக்ஸ் என்ற பலகையை உருவாக்கினார். 2018-இல் குரோம் மியூசிக் லேப் தொகுதியில் சாங் மேக்கர் சேர்ந்தது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உலாவியில் ஒலியை உண்டாக்கும் வெப் ஆடியோ விதிமுறையை 2021 ஜூன் மாதம் முழுத் தரமாக அறிவித்தது. இந்தப் பீப்பாக்ஸ், சாங் மேக்கர் இரண்டையுமே இங்கே ஆய்வுக்கு எடுத்துக் கொள்கிறேன்.

சாங் மேக்கரைத் திறந்தால் தறியில் பாவு போட்டது போல் கட்டங்கள் தெரியும். இடமிருந்து வலம் காலம். கீழிருந்து மேல் சுரம். ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தச் சுரம் அந்த நேரத்தில் ஒலிக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம். அடியில் தாளத்துக்கு இரண்டு வரிசை. ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி, முடிந்ததும் மறுபடி முதலுக்கு வரும். முதலில் திறக்கும்போது நான்கு பகுதி, பகுதிக்கு நான்கு அடி, அடிக்கு இரண்டு பிரிவு, ஆக 32 நெடுக்குக் கட்டம். ஏழு சுர மேஜர் வரிசை. இவை நாம் கேட்டு வந்தவை அல்ல, கருவி தானே வைத்துக்கொண்டு வருபவை. இதை மனத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

குணம் முதலில்

குற்றம் சொல்லுமுன் குணம் சொல்வது முறை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரப் பெயரை இடுகிறாள். ஆளே சுரம், நிற்கும் இடமே சுரத்தின் இடம். அவர்கள் பாடும் முல்லைத் தீம்பாணி இன்றைய மோகனமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. இசையைக் கண்ணால் காணும்படி நிறுத்தி வைப்பது நமக்குப் பழைய பழக்கம் என்பதற்காகச் சொல்கிறேன். சாங் மேக்கரும் அதையே செய்கிறது. திரும்பத் திரும்பச் சுற்றி வருவதால் அதுவும் ஒரு வகையில் வட்டம்தான்.

இதில் நாங்கள் செய்து பார்த்த சோதனை ஒன்றை வாசகர்களும் செய்து பார்க்கலாம். அமைப்பில் மேஜர் என்பதைப் பென்டடானிக் என்று மாற்றுங்கள். ஐந்து சுரம் மட்டும் நிற்கும். ச, ரி, க, ப, த. அதாவது மோகனம், வடக்கே பூபாலி. மேலே உங்களுக்குப் பிடித்தபடி சில கட்டங்களைப் போட்டுவிட்டு, அடி வரிசையில் சட்ஜத்தை நெடுகப் போடுங்கள். தம்புராவுக்குப் பதில் அது. கேட்டால் மோகனம். இப்போது மேலே ஒரு கட்டத்தையும் தொடாமல், அடியில் போட்ட சட்ஜத்தை அழித்து ரிஷபத்தை நெடுகப் போடுங்கள். காது ரிஷபத்தையே சட்ஜமாகக் கொள்ளும். கேட்பது மத்தியமாவதி ஆகிவிடும். காந்தாரத்தைப் போட்டால் இந்தோளம். பஞ்சமத்தைப் போட்டால் சுத்த சாவேரி. தைவதத்தைப் போட்டால் சுத்த தன்யாசி.

குரல் திரிந்தால் பண் திரியும் என்று உரையாசிரியர்கள் சொல்லும் பாலைத் திரிபும், வித்துவான்கள் சொல்லும் கிரகபேதமும் இதுதான். ஆண்டுக் கணக்கில் புத்தகத்தில் படித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று, பத்து நிமிடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் சேர்ந்து விளங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அன்று நான் அந்தப் பலகையைக் கும்பிட்டேன்.

தாளத்திலும் குறையில்லை. பகுதிக்கு நான்கு அடி என்பதை ஏழு என்று மாற்றி, அடியில் மூன்றும் நான்குமாகத் தட்டு வைத்தால் மிசிர சாபு வந்துவிடுகிறது. பீப்பாக்ஸில் இன்னொரு நயம்: போட்ட பாட்டு முழுவதும் அதன் வலை முகவரிக்குள்ளேயே எழுத்துகளாக அடங்கிவிடும். அந்த முகவரியை எழுதி வைத்தால் பாட்டையே எழுதி வைத்தது போல. ஓலை மரபினருக்கு இது பிடிக்கும்.

நால்வகைக் குற்றம்

நிற்க. யாழ் நரம்பின் ஓசைக்கு நான்கு குற்றம் சொல்வார்கள் நம் உரையாசிரியர்கள்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு பொருந்தாத, இன்பமற்ற ஓசை செம்பகை. அளவு மீறி ஒலிப்பது ஆர்ப்பு. தெளிவில்லாமல் மழுங்கி ஒலிப்பது கூடம். ஒழுகி வராமல் சிதறி ஒலிப்பது அதிர்வு. மரமும் நரம்பும் இல்லாத கருவிக்கு இந்த அளவுகோல் பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். வைத்துப் பார்த்தால் அளந்து வைத்தது போல் பொருந்துகிறது.

முதலாவது கூடம். இந்தக் கருவிகளைப் பிள்ளைகள் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். அதில் கீழ்ச் சுரங்கள் தேய்ந்து போகும். அடியில் நெடுகப் போட்ட சட்ஜம் காதில் விழாது. விழாவிட்டால் மேலே இருப்பது எந்த இராகம் என்று எப்படித் தெரியும்? இது பலகையின் குற்றமல்ல, கேட்கும் கருவியின் குற்றம். காதில் மாட்டும் ஹெட்போனில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது ஆர்ப்பு. சாங் மேக்கரில் ஒரு கட்டத்தை மெல்லவும் இன்னொன்றை அழுத்தியும் ஒலிக்கச் செய்ய வழியில்லை. எல்லாச் சுரமும் ஒரே உரம். மெல்ல வரவேண்டிய சுரம் உரக்க வந்தால் அது அளவு மீறல்தானே? வடக்கே பூபாலிக்கும் தேஷ்காருக்கும் சுரம் அதே ஐந்துதான். பூபாலி காந்தாரத்தில் ஊன்றும், தேஷ்கார் தைவதத்தில் ஊன்றும். எந்தச் சுரத்தில் ஊன்றுகிறோம், எதைத் தொட்டுவிட்டுப் போகிறோம் என்பதில்தான் இராகமே பிரிகிறது. சம உரத்தில் அந்தப் பிரிவு மங்கிவிடும். பீப்பாக்ஸில் சுரத்தை நீட்டலாம், உரத்தையும் ஏற்றி இறக்கலாம். ஆகவே இதுவும் தீரக்கூடிய குற்றம்.

மூன்றாவது செம்பகை. இங்கேதான் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறது பலகை. சட்ஜம் நொடிக்கு 261.6 அதிர்வு என்று கொள்ளுங்கள். தம்புராவோடு இயற்கையாக ஒட்டும் பஞ்சமம் அதில் ஒன்றரைப் பங்கு, 392.4. பலகை தருவது 392.0. இது காதுக்குத் தெரியாது. ஆனால் இயற்கையாக ஒட்டும் அந்தர காந்தாரம் ஒன்றேகால் பங்கு, 327.0, பலகை தருவது 329.6. இந்த வித்தியாசத்தை ஒலி அலையாகவே கேட்கலாம். வெண்கல உருளியைத் தட்டினால் நல்ல வார்ப்பிலும் சில சமயம் ஓசை 'வாங் வாங்' என்று விம்மும். அதே விம்மல் சட்ஜத்தையும் பலகையின் காந்தாரத்தையும் சேர்த்து ஒலித்தால் வரும்.

வியாபாரி பாஷையில் சொன்னால், பலகையிடம் பன்னிரண்டு எடைக்கல்தான் இருக்கிறது. சரக்கு இரண்டு கல்லுக்கும் நடுவில் இருந்தால் பக்கத்துக் கல்லுக்குத் தள்ளி எழுதிவிடும். சிலப்பதிகார உரை மரபு ஏழு சுரத்துக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று 22 அலகு சொல்கிறது. இவை சமப் பங்கு அல்ல. ஆனால் இதைக் காட்டிப் பலகையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், வட்டப்பாலையின் பன்னிரண்டு வீட்டை ஆதாரமாகக் கொண்டு, 22 என்பதை மறுத்து, சம அளவான 24 சுருதியை நிலைநாட்டப் பாடுபட்டார். 1916-இல் பரோடாவில், அதாவது இதே குஜராத்தில், நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்து வைத்தார். ஆகச் சமப் பங்கு என்பது மேலை நாட்டுச் சரக்கு, நமக்கு ஆகாது என்று சொல்பவர்கள் பண்டிதரைப் படிக்கவேண்டும். செம்பகை உண்டு, ஆனால் அது வழக்கில் இருக்கும் குற்றம், தீர்ப்பாகிவிட்ட குற்றம் அல்ல.

நான்காவதே பெரிய குற்றம்: அதிர்வு. ஒழுகி வராமை. தோடியின் காந்தாரம் நேராக நிற்கிற சுரம் அல்ல. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்திமத்தின் பக்கம் போய் வந்து அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் அங்கே காந்தாரம். நாங்கள் சாங் மேக்கரில் பன்னிரண்டு சுரமும் வரும்படி மாற்றிக்கொண்டு, தோடிக்கு உரிய ஏழு இடத்திலும் சுரத்தைச் சரியாக வைத்தோம். இடத்தில் பிழை இல்லை. வந்தது தோடி இல்லை. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பது போல் ஏதோ ஒன்று. கேட்க மோசமில்லை, ஆனால் அது வேறு. அடியை நான்காகப் பிரித்து ரிஷபமும் மத்திமமும் மாறி மாறி வரும்படி போட்டுப் பார்த்தோம். மரப்படியில் தவலையை உருட்டிவிட்டது போல் இருந்தது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

காரணம் எளிது. கட்டத்துக்குக் கட்டம் தாவ முடியும். நடுவில் நடக்க வழியில்லை. பலகை சுரத்தின் இடத்தைக் காட்டும், இடத்துக்கு இடம் போகும் பாதையைக் காட்டாது. நம் இசையில் இராகம் குடியிருப்பது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்.

மும்பையில் ஒருவர் கண்ட வழி

அப்படியானால் சீக்குவென்சருக்கும் இராகத்துக்கும் ஒத்தே வராதா என்று கேட்கலாம். 1982-இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்பவர் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த கலைஞர். பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்த தட்டு அது. பைரவ், லலித், பூபாலி, யமன், மால்கௌன்ஸ் எல்லாம் உண்டு. பயன்படுத்தியவை ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: தாளத்துக்கு டிஆர்-808, கீழ்க்குரலுக்கு டிபி-303, மேலே இராகத்துக்கு ஜூப்பிட்டர்-8. அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் 2015-இல் காலமானார்.

அதைக் கேட்டுப் பார்த்தால் அவர் செய்த வேலைப் பங்கீடு புரியும். கட்டத்துக்கு அடங்குவதைக் கட்டத்திடம் விட்டார்: தாளம், திரும்பத் திரும்ப வரும் கீழ்க்குரல். கட்டத்துக்கு அடங்காததைக் கையில் வைத்துக்கொண்டார்: இராகத்தை ஜூப்பிட்டரில் சுரத்துக்குச் சுரம் வழுக்கி வாசித்தார். இயந்திரம் சளைக்காமல் சுற்ற, அதன் மேல் மனிதக் கை நெளிந்து போகிறது. பூபாலியில் கேளுங்கள், அதே ஐந்து சுரம்தான், சாங் மேக்கர் தருவதும் அதே ஐந்துதான். ஆனால் இங்கே பாதை இருக்கிறது.

உலாவியிலும் இதற்குச் சிறு கதவு ஒன்று உண்டு. பீப்பாக்ஸில் ஒரு சுரத்தைப் போட்டு, அதன் ஒரு முனையைப் பிடித்து மேலோ கீழோ இழுத்தால் ஒலியும் வளைந்து போகும். தோடிக் காந்தாரத்தை அப்படி வளைத்துப் பார்த்தோம். தவலை உருளும் சத்தம் போயிற்று. தோடி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசல் வரை வந்து நின்றது. ஒரு காந்தாரத்தை வளைக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. ஒரு மூச்சில் பாட்டி செய்வது அது என்று அப்போதுதான் பேரன் வாயடைத்துப் பார்த்தான்.

கட்டம் மட்டுமா குற்றவாளி?

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ச ரி க ம என்று நாம் எழுதும் சுரக்குறிப்பும் ஒரு கட்டம்தான். அதைப் பார்த்து மட்டும் பாடினால் அதுவும் தாவும். எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வகுத்து அச்சிட்டார். அத்தனை உழைப்புக்குப் பிறகும், குரு பாடிக் கேட்டவனுக்கே அந்தக் குறி முழுதாகப் பேசும். ஆகப் பாதையைத் தவறவிடுவது எழுத்தின் பொதுக் குற்றம். உலாவிப் பலகை அதற்குப் புதிய வாரிசு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுரக்குறிப்பு தாளில் வாய்மூடிக் கிடக்கும். பாடகன் வந்து உயிர் கொடுக்கவேண்டும். பலகை தானே பாடிக் காட்டுகிறது. அதுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமும் பிசகாமல். பிசகாமல் பாடுவதைச் சரியாகப் பாடுவது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. தராசு மாறாமல் ஒரே எடையைக் காட்டினால் அது சரியான தராசு என்று ஆகிவிடுமா? கல்லே குறைவாக இருந்தால் மாறாமல் தப்பாகவே காட்டும். பாட்டி நான்கு தடவை பாடினால் நான்கும் நூலளவு வேறாக இருக்கும். பாட்டுக்குள் இருக்கும் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

முன்பு மனத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மேஜர் வரிசை, நான்கு அடி, சமப் பங்கு என்று கருவி தானே வைத்துக்கொண்டு வரும் ஏற்பாடு ஒரு தீர்மானம். யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, இசை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்த தீர்மானம். தப்பான எண்ணத்தில் எடுத்ததல்ல; சின்னக் குழந்தை எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் காதுக்கு இனிமையாக வரவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் அதில் தெரிகிறது. ஆனால் அது ஒரு பார்வை. ஒரு பார்வையே முழு உண்மை ஆகாது என்பது அநேகாந்தம். நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரவேண்டியது எந்தக் கட்டத்தைத் தொடுவது என்பதல்ல. அமைப்பைத் திறந்து, அங்கே ஏற்கெனவே என்ன முடிவாகி இருக்கிறது என்று பார்ப்பது. சீவகன் நரம்பைப் பார்த்ததும் அதுதான்.

முடிவாக

ஆகவே என் மதிப்பீடு இது. பாலைத் திரிபைக் காட்டவும், தாளத்தை நிறுத்தவும், சுரத்தின் இடத்தைக் கண்ணுக்குக் காட்டவும் இந்த உலாவிப் பலகைகளைவிட எளிய கருவியை நான் கண்டதில்லை. நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் கட்டாயம் வைக்கலாம். ஆனால் அது சிலேட்டு, வாத்தியார் அல்ல. பாடுபவரைத் திருத்தும் வேலையை அதனிடம் கொடுக்கக்கூடாது. வீட்டில் பழைய பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், கட்டத்தில் ஏற்றும் முன் அவர்கள் குரலை அப்படியே பதிந்து வையுங்கள். முதலில் குரல், பிறகு கட்டம். வரிசை மாறினால், கட்டத்தில் விழாததெல்லாம் பாட்டில் இல்லாதது என்று ஆகிப் போகும்.

எங்கள் வீட்டு வழக்குக்கும் ஒரு தீர்ப்பு வந்தது. கொடுத்தது நான் அல்ல. காந்தாரத்தை வளைத்துப் பார்த்த மறுநாள் பேரன் அடுப்படிக்குப் போய், "பாட்டி, நீங்க தப்பு பண்ணலை. இதுல அந்தக் கட்டம் இல்லை" என்றான். அவள், "சரிடா, போய்ப் பல் தேய்" என்றாள்.

மைக் முன்னால் உட்கார அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் விளக்கேற்றும்போது முணுமுணுப்பு திரும்பிவிட்டது. அவன் பலகையை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடுகிறான். காந்தாரம் இன்னும் அவனுக்கு வரவில்லை. வரும்.

பாத்திரக் கடைக்காரன் பண்ணைப் பற்றி எழுதியதில் பிழை இருப்பின் இசை அறிந்த சான்றோர் திருத்தி உதவ வேண்டுகிறேன்.